டயர் மாற்றுவதற்கு முன்: ரோடு கிரிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டிலும் அலுவலகத்திலும் யார் காருக்கு டயர் மாற்றினாலும் கடைக்குப் போகும் முன் எனக்கு ஒரு போன் வரும். பத்து வருடமாகத் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணங்களுக்கு என்னிடம் இருக்கும் மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்கிறேன். அளவு 185/65 ஆர்15. உங்கள் கார் வேறாக இருந்தால் எண்கள் மாறும், கணக்கு மாறாது.

டயரை மாற்றினால் கார் ஓடுகிற விதமே மாறிவிடுமா?

மாறும். ஆள், பெட்டி எல்லாம் சேர்த்து ஒரு சிறிய காரின் எடை சுமார் 1,100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 275 கிலோ. டயரில் 32 பிஎஸ்ஐ காற்று இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 2.25 கிலோவைத் தாங்கும். வகுத்துப் பார்த்தால் 122 சதுர சென்டிமீட்டர் வருகிறது. தபால் ஆபீஸில் விற்கும் அஞ்சலட்டை 14க்கு 9 சென்டிமீட்டர், அதாவது 126. ஆக, ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஒரு அஞ்சலட்டை அளவுக்குத்தான். டயரின் பள்ளங்களைக் கழித்தால் அதிலும் குறையும்.

நாலு அஞ்சலட்டை. பிரேக் பிடிப்பது, திரும்புவது, மழையில் நேராகப் போவது எல்லாமே அந்த நாலின் வழியாகத்தான். பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அது சக்கரத்தைத்தான் நிறுத்தும். காரை நிறுத்துவது டயர். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), ஈஎஸ்பி (வண்டி சுழலாமல் காப்பது) எல்லாம் இருக்கிற பிடிப்பைச் சரியாகப் பங்குபோட்டுத் தரும். இல்லாத பிடிப்பை உண்டாக்கித் தராது.

டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்களை எப்படிப் படிப்பது?

என் டயரில் 185/65 ஆர்15 88எச் என்று இருக்கிறது. 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. இங்கே 120 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 15 அங்குல ரிம். 88 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கக் கட்டப்பட்டது.

கடைசி இரண்டையும் பலர் கவனிப்பதில்லை. கம்பெனி கொடுத்த டயரைவிடக் குறைந்த சுமைக் குறியீடோ வேகக் குறியீடோ உள்ள டயரை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 'நான் 210ல் போவதே இல்லையே' என்பார்கள். அந்த எழுத்து வேகத்தை மட்டும் சொல்வதில்லை. சூட்டில் உள்கட்டு எவ்வளவு உறுதியாக நிற்கும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது.

"அகல டயர் போட்டா கிரிப் கூடும்னு சொல்றாங்க அண்ணே, போடலாமா?"

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான்.

மேலே போட்ட அஞ்சலட்டைக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். அதில் டயரின் அகலம் வரவே இல்லை. எடையும் காற்றழுத்தமும்தான் வந்தன. அதே காற்றை வைத்துக்கொண்டு டயரை மட்டும் அகலமாக்கினால் தொடும் பரப்பு பெரிதாகக் கூடாது. வடிவம்தான் மாறும்: பக்கவாட்டில் நீளும், முன்பின்னாகக் குறுகும். காய்ந்த ரோட்டில் வளைவு எடுக்கும்போது இந்த வடிவம் உதவும். ஸ்டீயரிங் கொஞ்சம் சுறுசுறுப்பாகத் தெரியும். தண்ணீர் தேங்கிய ரோட்டில் கதை வேறு. அகலமான டயர் அதிகத் தண்ணீரைத் தள்ளிவிட வேண்டும், அதனால் ரோட்டை விட்டுத் தண்ணீர்மேல் சீக்கிரம் மிதக்கும். என்னிடம் கேட்கிறவர்களில் பலர் வடகிழக்குப் பருவமழையில் கடலோர மாவட்டங்களில் ஓட்டுகிறவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது விட்டம். 185/65 ஆர்15 டயரின் மொத்த உயரம் 621.5 மில்லிமீட்டர். 'ஒரு சைஸ் மேலே' என்று கடையில் 195/65 ஆர்15 எடுத்துக் காட்டினால் அது 634.5. இரண்டு சதவீதம் உயரம் கூடுகிறது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட வண்டி வேகமாகப் போகும். முழு ஸ்டீயரிங் ஒடித்தால் சில கார்களில் உள்ளே உரசும். 195/55 ஆர்16 போட்டால் 620.9 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் பக்கச்சுவர் 120லிருந்து 107 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். ஸ்டீயரிங்குக்கு உடனே பதில் வரும், பள்ளத்தில் விழுந்தால் ரிம்முக்கும் உடனே அடி விழும். பெரிய அலாய் ரிம்முக்கு எடையும் கூடுதல். கனமான சக்கரம் மேடுபள்ளத்தில் ரோட்டோடு ஒட்டிப் போகாமல் துள்ளும். சக்கரம் துள்ளுகிற அந்த நேரத்தில் பிடிப்பே இருக்காது.

ரிம்மின் அகலத்தையும் பார்க்க வேண்டும். குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பக்கச்சுவர் பலூன் மாதிரி வெளியே பிதுங்கும். வளைவில் டயர் அந்தப் பிதுக்கத்தின் மேல் ஆடும். பணம் கொடுத்து ஹேண்ட்லிங்கைக் கெடுத்துக்கொண்ட கார்களை நான் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். நேர் ரோட்டிலேயே வண்டி அலையும்.

பயமில்லாத மேம்பாடு ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் கீழ் மாடலுக்கு ஒரு அளவு, மேல் மாடலுக்கு ஒரு அளவு என்று கம்பெனியே கொடுக்கும். 2018ல் வந்த ஸ்விஃப்டில் கீழ் மாடலுக்கு 165/80 ஆர்14, மேல் மாடலுக்கு 185/65 ஆர்15. இரண்டின் உயரத்துக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். கீழ் மாடல் வைத்திருப்பவர் அதே கம்பெனியின் மேல் மாடல் ரிம்மையும் டயரையும் போடலாம். சஸ்பென்ஷனும் ஸ்டீயரிங்கும் அந்த அளவை மனதில் வைத்தே அமைக்கப்பட்டவை.

கடைக்காரர் "இது 80 ஆயிரம் ஓடும் சார்" என்கிறார். நல்ல டயர்தானே?

நீண்டு உழைக்கும் டயராக இருக்கலாம். பிடிக்கும் டயரா என்பது தனிக் கேள்வி.

தார் ரோட்டைக் குனிந்து பாருங்கள். ஜல்லி மேடும் பள்ளமுமாக இருக்கும். டயரின் ரப்பர் அந்த மேடுகளைச் சுற்றி அமுங்கி, உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் சோம்பலாகத் திரும்புகிறது. அந்தச் சோம்பலில்தான் பிடிப்பு பிறக்கிறது. சூடும் அதில்தான் பிறக்கிறது. சோம்பல் குறைந்த ரப்பர் லேசாக உருளும், மைலேஜ் தரும். கெட்டியான ரப்பர் தேயாது, ஆனால் ஜல்லியின் மேடுகளுக்குள் இறங்காது. ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலம் நடுவில் வந்துவிட்டால் இந்த இறக்கம்தான் நம்மைக் காப்பாற்றுவது.

அதனால் தேய்மானம், மைலேஜ், ஈரப் பிடிப்பு மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுபறியைத் தளர்த்தியது சிலிக்கா என்ற மணல் வகைப் பொடி. ரப்பரில் கலக்கும் கரித்தூளான கார்பன் பிளாக்கின் பெரும்பகுதிக்குப் பதில் சிலிக்காவைச் சேர்த்த டயரை மிஷெலின் 1992ல் கொண்டுவந்தது. உருளும்போது ஏற்படும் இழப்பைக் குறைத்துக்கொண்டே ஈரப் பிடிப்பைக் காப்பாற்ற அதனால் முடிந்தது. இன்று எல்லாக் கம்பெனிகளும் ஏதோ ஒரு அளவில் சிலிக்கா சேர்க்கிறார்கள். எவ்வளவு, எப்படி என்பதில்தான் விலை வித்தியாசம் இருக்கிறது.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். ஒரு செட் டயருக்கும் இன்னொரு செட்டுக்கும் நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் வித்தியாசம் என்றால், அது நாலு வருடத்துக்கான பணம். ஒரு தடவை பம்பர் உடைந்தாலே அதைவிட அதிகம் போய்விடும். 'எத்தனை கிலோமீட்டர் ஓடும்?' என்ற கேள்வியை இரண்டாவதாகக் கேளுங்கள். முதலில் 'மழையில் எப்படி நிற்கும்?' என்று கேளுங்கள்.

மழையில் எப்படி நிற்கும் என்பதை வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஓரளவு உண்டு. உருளும் தடை, ஈரப் பிடிப்பு, சத்தம் ஆகிய மூன்றுக்கும் வரம்பு வைக்கும் ஏஐஎஸ்-142 தரத்தை மத்திய அரசு 2022ல் கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் புதிய வடிவமைப்புகளுக்கு அது அமலானது. இது கீழ் எல்லை. தேர்ச்சி மதிப்பெண் மாதிரி.

டயரில் நட்சத்திர லேபிள் பார்த்தால் ஒன்றை மறக்காதீர்கள். அந்த நட்சத்திரம் எரிபொருள் சிக்கனத்துக்கானது. ஐந்து நட்சத்திரம் என்றால் ஐந்து மடங்கு பிடிப்பு என்று பொருள் இல்லை. ஏற்றுமதியும் ஆகிற மாடல்களுக்கு ஐரோப்பிய லேபிளைத் தேடிப் பார்க்கலாம். அதில் ஈரப் பிடிப்புக்கு ஏ முதல் இ வரை தனிக் கட்டம் இருக்கும். சில டயர்களில் அமெரிக்க முறைப்படி டிராக்‌ஷன் ஏஏ, ஏ, பி, சி என்று பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும். நனைந்த தளத்தில் நேர்கோட்டில் பிரேக் பிடித்துச் சோதித்த அளவு அது. வளைவில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்லாது. பக்கத்தில் இருக்கும், தேய்மானத்தைக் குறிக்கும் டிரெட்வேர் எண் மிகப் பெரிதாக இருந்தால், தேய்மானத்துக்கு முன்னுரிமை கொடுத்த ரப்பர் என்று ஊகிக்கலாம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அந்த எண்ணை ஒப்பிடாதீர்கள், அவரவர் சோதித்து அவரவர் போட்டுக்கொள்வது.

இரண்டு டயர்தான் மாற்ற முடியும். புதியதை முன்னால் போடவா, பின்னால் போடவா?

பின்னால். முன்சக்கர இழுவை கார் என்றாலும் பின்னால்தான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஸ்விஃப்டின் முன் டயர்கள் தேய்ந்ததும் ஒரு கடையில் இரண்டு மட்டும் வாங்கினேன். 'இன்ஜின் முன்னாடி, ஸ்டீயரிங் முன்னாடி, அதனால புதுசும் முன்னாடி' என்றார்கள். எனக்கும் சரியாகவே பட்டது. பின்னால் பாதிக்கு மேல் தேய்ந்த பழையவை. இரண்டு மாதம் கழித்து ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். சற்றுமுன் நின்ற மழை, ரோட்டில் சில்வர் ஓக் இலைகள். ஒரு கொண்டை ஊசி வளைவுக்குள் நுழைந்த பிறகு வேகம் கொஞ்சம் கூடுதல் என்று தோன்றி பிரேக்கை மெதுவாகத் தொட்டேன். முன்பக்கம் கயிறு கட்டிய மாதிரி திரும்பியது, பின்பக்கம் வெளியே வீசியது. அம்மாவின் பக்கத்தில் இருந்த மிளகுப் பை சீட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு வழுக்கிப் போய்க் கதவில் மோதிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வண்டி ரோட்டுக்குக் குறுக்கே நின்றது. எதிரே பஸ் வராததால் இதை எழுதுகிறேன். என் காரில் ஈஎஸ்பி கிடையாது.

காரணம் இதுதான். முன் டயர் வழுக்கினால் வண்டி திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலேட்டரை விட்டால் எடை முன்னால் வந்து மீண்டும் பிடிக்கும். எந்த ஓட்டுநரும் பயத்தில் செய்வது அதைத்தான், அதுவே சரியான செயலாகவும் அமைந்துவிடும். பின் டயர் வழுக்கும்போது அதே செயல் எதிரியாகிறது. காலை எடுத்தாலோ பிரேக் தொட்டாலோ எடை முன்னால் போய், ஏற்கெனவே பிடிப்பில்லாத பின்பக்கம் இன்னும் லேசாகிறது. வண்டி சுழல்கிறது. எதிர்த்திசையில் ஸ்டீயரிங்கை ஒடித்துப் பிடிக்க ரேஸ் ஓட்டிப் பழகியவருக்கு முடியும். குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த அரை நொடி போதாது. மிஷெலின் போன்ற டயர் கம்பெனிகள் பலவும் பின்னால் போடச் சொல்வது இதனால்தான்.

செய்முறை எளிது. முன்னால் இருக்கும் தேய்ந்தவற்றைக் கழற்றி எறியுங்கள், பின்னால் இருப்பவற்றை முன்னால் கொண்டுவாருங்கள், புதியவற்றைப் பின்னால் போடுங்கள். கடையில் மறுத்தால் பொறுமையாக வற்புறுத்துங்கள். அதற்கு ஐந்து நிமிட வேலைதான் கூடுதல்.

நாலு டயரும் ஒரே மாதிரி இருந்தே ஆக வேண்டுமா?

நாலும் ஒன்றாக இருந்தால் உத்தமம். முடியாவிட்டால் ஒரே அச்சில் இருக்கும் இரண்டும், அதாவது முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி, கட்டாயம் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்கட்டும். இடது டயர் ஒரு ரப்பர், வலது டயர் வேறு ரப்பர் என்றால் ஈரத்தில் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பட்டன் எவ்வளவு தேய்ந்தால் மாற்றுவது?

ரோட்டைத் தொடும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். அவற்றுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தின் ஆழம் சட்டப்படி காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு ஒன்று குறுக்கே இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. புது டயரில் 7 அல்லது 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். காய்ந்த ரோட்டில் தேய்ந்த டயரும் நன்றாகவே பிடிக்கும். மழையில் தண்ணீர் போக வழியில்லாமல் பிடிப்பு திடீரென்று விழும். அதனால் 3 மில்லிமீட்டர் வந்ததுமே நான் மாற்றிவிடுகிறேன், அதுவும் அக்டோபருக்கு முன்னால். பள்ளிக்கூட அளவுகோலைச் செருகிப் பார்த்தாலே போதும். உள் ஓரத்தையும் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரிந்து உள்ளே மொட்டையாக இருக்கும் டயர்கள் ஏராளம்.

காற்று கொஞ்சம் குறைவாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும் என்கிறார்களே?

மணலில் உண்மை. ரோட்டில் ஆபத்து.

தண்ணீர் தேங்கிய ரோட்டில் டயர் எந்த வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்று, ஓடுபாதையில் இறங்கும் விமானங்களுக்காக நாசா ஆராய்ச்சியாளர்கள் ஒரு சூத்திரம் கண்டுபிடித்தார்கள். அந்த வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. மொட்டை டயருக்கு அந்தக் கணக்கைப் போட்டால் 33 பிஎஸ்ஐயில் மணிக்கு சுமார் 95 கிலோமீட்டர், 25 பிஎஸ்ஐயில் 83. பட்டன் உள்ள டயர் தண்ணீரை வெளியே தள்ளுவதால் இதைவிடத் தாங்கும். தேயத் தேய இந்த எண்ணை நெருங்கும். காற்று குறைவாக அடித்தவர் 12 கிலோமீட்டர் வேகத்தை முன்கூட்டியே இழந்துவிட்டார்.

காற்று குறைந்தால் பக்கச்சுவர் மடங்கி, ஸ்டீயரிங் திருப்பியபின் ஒரு கணம் தாமதித்து வண்டி திரும்பும். அளவுக்கு மேல் அடித்தாலும் நடுப்பகுதி மட்டும் தொட்டு பிடிப்பு குறையும். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் அட்டையில் உங்கள் காருக்கான எண் இருக்கிறது. டயரின் மேல் அச்சாகியிருப்பது அதிகபட்ச அழுத்தம், அதை அடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும்.

நைட்ரஜன் பற்றியும் கேட்பார்கள். பிடிப்புக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

புது டயர் போட்டதும் வண்டி வழுக்குகிற மாதிரியும் அலைகிற மாதிரியும் இருக்கிறது. டயரில் கோளாறா?

பெரும்பாலும் இல்லை. தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து டயரைக் கழற்றப் பூசும் வழவழப்பு மேலே கொஞ்சம் ஒட்டியிருக்கும். பட்டன்களும் முழு உயரத்தில் இருப்பதால் வளைவில் லேசாக நெளியும். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு நிதானமாக ஓட்டுங்கள், சரியாகிவிடும்.

அதற்கு முன் காற்றைப் பாருங்கள். ரிம்மில் டயர் உட்கார வேண்டும் என்று கடையில் 40க்கு மேல் அடித்துவிட்டு, குறைக்க மறந்துவிடுவது உண்டு. 500 கிலோமீட்டர் தாண்டியும் ஒரு பக்கம் இழுத்தால் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டீயரிங் நடுங்கினால் பேலன்சிங்.

தேதி பார்த்து வாங்கச் சொல்கிறார்களே, எங்கே இருக்கும்?

பக்கவாட்டில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஆறு மாதப் பழசு என்றால் கவலை வேண்டாம். இரண்டு வருடப் பழசை முழு விலைக்கு வாங்காதீர்கள். ரப்பர் காலத்தோடு இறுகும், வெயிலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் சீக்கிரம். அதிகம் ஓடாத காரில் பட்டன் முழுதாக இருந்தும் டயர் ஈரத்தில் வழுக்கும். நகத்தால் அழுத்தினால் கட்டை மாதிரி இருக்கும். ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுதோறும் ஒருவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆனால் எப்படித் தெரிந்தாலும் கழற்றிவிடுங்கள்.

அவுட்சைட், இன்சைட் என்று எழுதியிருந்தால்?

அவுட்சைட் என்ற எழுத்து வெளியே தெரிய வேண்டும். வளைவைத் தாங்கும் கெட்டியான பட்டன்கள் வெளிப்பக்கமும் தண்ணீரை வெளியேற்றும் பள்ளங்கள் உள்பக்கம் கூடுதலாகவும் இருக்கும்படி அமைத்தவை அவை. அம்புக்குறி இருந்தால் வண்டி முன்னே போகும்போது சக்கரம் அந்தத் திசையில் சுற்ற வேண்டும். மாட்டி முடித்ததும் காரைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். மாற்றி மாட்டுவதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பழைய டயரில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

தாராளமாக, 3 மில்லிமீட்டர் பட்டன் இருந்து ஆறேழு வயதுக்குள் இருந்தால். ஸ்டெப்னி மற்ற நாலைவிடச் சிறிய அளவில் வரும் கார்கள் இப்போது நிறைய. அதைப் போட்டு ஓட்டும்போது வண்டியின் ஒரு மூலையில் மட்டும் பிடிப்பு வேறாக இருக்கும். பிரேக் பிடித்தால் தெரியும். முன் டயர் பஞ்சரானால் முடிந்தவரை பின் டயர் ஒன்றை முன்னால் மாற்றிவிட்டு ஸ்டெப்னியைப் பின்னால் போட்டு, நிதானமாகப் பக்கத்துப் பஞ்சர் கடை வரை போங்கள். அந்த மாதிரி ஸ்டெப்னியில் வேகம் 80ஐத் தாண்டக் கூடாது என்று ரிம்மின் மேலேயே ஒட்டியிருக்கும். மழை பெய்தால் 60.